சாமுவேல் கோல்ட்: மலிந்த ரிவோல்வரின் மூலவர்

1814 இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரிற் பிறந்தவர் சாமுவேல் கோல்ட். பதினாறு வயதில் கல்கத்தா சென்ற கப்பலில் பணியாற்றுகையில், ரிவோல்வரின் மாதிரியை மரத்திற் செதுக்கினார். 1836 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எனினும் அவரது முதலாவது தொழிற்சாலை 1842 இல் முடங்கியது. 1847 இல் மெக்சிக்கோ யுத்தத்திற்காக அரசு கோரிய ஆயிரம் ரிவோல்வர்களே அவரை மீட்டன. உறுப்புகளை இயந்திரங்களால் ஒரே அளவிற் செய்வித்தமையால் உற்பத்தி பெருகியது. 1857 இல் காப்புரிமை காலாவதியானதும் பிறரும் மலிவான ரிவோல்வர்களைச் செய்யலாயினர். உள்நாட்டு யுத்தத்திற்கு முன்னர் இரு தரப்பினருக்கும் ஆயுதம் விற்ற கோல்ட், 1862 இல் பெருஞ்செல்வராக 47 வயதில் மறைந்தார்.

அக்கால மலிவு ரிவோல்வர்களை இன்று அமெரிக்கர் பழம்பொருளாகச் சேகரித்துச் சுட்டும் மகிழ்கின்றனர். ஆயுதம் மலிந்த இடத்தில் உயிரும் மலிந்தது என்பதையும் அவை நினைவூட்டவேண்டும்.