கணக்கில் ஏறிய கண்ணீர்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

நோயைத் தீர்க்க முனைவோர் முதலில் நோய் இன்னதென அறிதல் வேண்டும். அது தோன்றிய காரணத்தை ஆராய்தல் வேண்டும். பின்னரே தணிக்கும் வழியை நாடுதல் வேண்டும். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நமக்குக் கற்பிக்கும் நெறி இது. ஒரு நோயாளியின் கட்டிலருகே நிற்கும் மருத்துவருக்கு இந்நெறி எளிதில் பொருந்தும். ஆனால் ஒரு மாநகரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது எவ்வாறு? ஆயிரமாயிரம் நோயாளரின் வயது, பால், வாழிடம், தொழில், பழக்கம், மணவாழ்வு ஆகியவற்றைக் குறித்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி அந்நாடி நமக்கு அகப்படாது.

சென்னை அடையாற்றில் அத்தகைய ஏடு ஒன்று 1982 முதல் எழுதப்பட்டு வருகிறது. சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேடு என்று அதனைக் கூறுவர். அதனைப் பேணி வரும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய பெருமாட்டி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஆவார். சென்னை மாகாணச் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்மணி என்றும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்றும் நாம் அவரை அறிவோம். அவருடைய வாழ்வில் இன்னோர் இழையும் ஊடுருவி நிற்கிறது. ஒருவருடைய துயரைக் கண்டதும் அதனை ஊரின் துயராக எண்ணி, அதற்கு நிலையான ஓர் ஏற்பாட்டைத் தேடும் மனப்பாங்கே அது. அவ்விழையைப் பின்பற்றி அவர்தம் வாழ்வை ஈண்டு நோக்குவோம்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். இருவேறு சமூகங்களின் இணைப்பில் பிறந்த காரணத்தால் இளமையிலேயே புறக்கணிப்பின் கசப்பை அவர் அறிய நேர்ந்தது. பெண்கள் பள்ளிப் படிப்பைத் தாண்டுவதே அரிதாயிருந்த அக்காலத்தில், ஆடவர் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தார். எதிர்ப்புகள் எழுந்தன. மன்னரின் அனுமதியால் கல்லூரிக் கதவு திறந்தது.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பரிசுகள் பலவற்றுடன் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றினார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்னும் நிபந்தனையின் பேரிலேயே அவர் மணத்திற்கு இசைந்தார்.

அந்நாளில் பெண்களுக்கு மருத்துவம் கிட்டுவதே பெரும்பாடு. ஆண் மருத்துவர் முன் வர மறுத்து, வீட்டிற்குள்ளேயே உயிர் நீத்த பெண்கள் பலர். கோஷா முறையைக் கடைப்பிடித்த பெண்களுக்கெனவே 1885இல் சென்னையில் ஒரு மருத்துவமனை தொடங்கப்பெற்றது. திருவல்லிக்கேணியில் அது இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் மாறியிருப்பினும், நம் இல்லத்துப் பெரியவர்கள் நாவில் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே வழங்குகிறது. மருத்துவமனைக்கு வாராத பெண்ணின் நோய் எந்த ஏட்டிலும் ஏறாது. ஏட்டில் ஏறாத நோய்க்கு அரசு பொருள் ஒதுக்காது. இவ்வுண்மையைப் பெண் மருத்துவராகிய அம்மையார் அருகிருந்து கண்டவர்.

இளைய சகோதரியின் மரணம்

1923இல் அம்மையாரின் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. அவருடைய இளைய சகோதரி குடல்நோயால் துன்புற்றார். சீதபேதி என்று கருதியே முதலில் மருத்துவம் செய்யப்பட்டது. அது மலக்குடற் புற்றுநோய் எனத் தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. தமக்கை மருத்துவராக இருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. பட்டம் பெற்ற மருத்துவரின் இல்லத்திலேயே இந்நோய் இனங்காணப்படாமல் போகுமாயின், குடிசையில் வாழும் ஏழையின் கதி என்ன? இக்கேள்வியே பின்னாளில் ஒரு மருத்துவமனையாக உருப்பெற்றது.

1925இல் அரசின் உதவியுடன் அவர் இங்கிலாந்து சென்று, மகளிர், குழந்தைகள் நோய் குறித்து மேற்பயிற்சி பெற்றார். இலண்டனில் புற்றுநோய்க்கெனவே தனி மருத்துவமனை இயங்குவதையும் கண்டார். அத்தகைய ஒன்று சென்னையிலும் எழ வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றியது.

சட்டசபையில் ஒரு மருத்துவர்

தாயகம் திரும்பிய அம்மையாரை அடையாற்றில் 1917இல் தோன்றிய இந்திய மாதர் சங்கம் பொதுவாழ்வுக்கு அழைத்தது. சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பெற்ற அவர், 1927இல் அதன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சட்டசபையில் அவர் ஆற்றிய பணிகளில் இரண்டு நம் பொருளுக்கு நெருங்கியவை. பள்ளி மாணவர்களுக்கு முறையான மருத்துவச் சோதனை நடைபெற வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது ஒன்று. நோயுற்ற பிள்ளை மருத்துவரை நாடி வரும்வரை காத்திராமல், நலமாயிருக்கும் பிள்ளைகளையும் சேர்த்தே சோதிப்பது அம்முறை. ஒரு தலைமுறையின் உடல்நிலையை அதன்வழி அறியலாம். குறை எங்குள்ளது என்பது அப்போதுதான் தெளிவாகும்.

பெண்ணின் மணவயதை உயர்த்துவதற்காக அவர் குரல் கொடுத்தது மற்றொன்று. உடல் முதிராத சிறுமியர் தாயாவதால் தாயும் சேயும் நலிவதை அவர் மருத்துவ அறிவுடன் எடுத்துரைத்தார். சமயவாதிகள் சிலர் சாத்திரம் பேசியபோது, அவர் மகப்பேற்று விடுதியில் கண்டவற்றைப் பேசினார். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என மணவயதை வரையறுத்த சாரதா சட்டம் 1929இல் நாடு முழுமைக்குமாக நிறைவேறியது. அதற்குத் துணைநின்ற குரல்களுள் அம்மையாரின் குரலும் ஒன்று.

தேவதாசி முறைக்கு எதிரான அவருடைய முயற்சியின் முதற்பயன் 1929இல் சட்டமாக விளைந்தது. முழுமையான தடைச்சட்டம் 1947இல் வந்தது. 1930இல் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவர் தொடங்கிய அவ்வை இல்லம் இன்றும் அடையாற்றில் நிலைபெற்றுள்ளது.

பன்னிரண்டு படுக்கைகள்

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்னும் தம் கருத்தை அம்மையார் வெளியிட்டார். அதற்கு உடனே ஆதரவு கிட்டவில்லை. புற்றுநோய் கண்டவர் எப்படியும் இறப்பவரே. அவர்க்கெனப் பொருள் செலவிடுவது வீண் என்னும் எண்ணம் அதிகாரத்தில் இருந்தோரிடமும் நிலவியது.

அவ்வெண்ணத்தை மறுக்கக் கையில் கணக்கு வேண்டும். சென்னையில் ஆண்டுதோறும் எத்துணைப் பேருக்குப் புற்றுநோய் வருகிறது, எவருக்கு வருகிறது, எந்நிலையில் கண்டால் எத்துணைப் பேர் பிழைக்கின்றனர் என்பவற்றைக் கூறும் ஏடு அன்று இல்லை. மக்கள்தொகை அடிப்படையில் அமைந்த இந்தியாவின் முதற் புற்றுநோய்ப் பதிவேடு பம்பாயில் தொடங்கப்பட்டதே 1963இல்தான். கணக்கு இல்லாத காலத்தில் அம்மையார் தம் சகோதரியின் மரணத்தையும் தம் மருத்துவ அனுபவத்தையுமே சான்றாகக் கொண்டு வாதாட வேண்டியிருந்தது.

மாதர் சங்கத்தின் வாயிலாக 1949இல் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டும் பணி தொடங்கியது. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில், பன்னிரண்டு படுக்கைகளோடு எளியதொரு கட்டடத்தில் மருத்துவமனை பணியைத் தொடங்கியது. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். 1955இல் இளம் மருத்துவராக வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அதனையே தம் வாழ்வாக்கிக் கொண்டார்.

1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 ஜூலை 22ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

பதிவேடு கூறும் செய்தி

அம்மையார் மறைந்து 13 ஆண்டுகளுக்குப் பின், 1981இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திட்டத்தின்கீழ் சென்னைப் பதிவேடு அவர் நிறுவிய மருத்துவமனையில் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் பதிவுகள் தொடங்கின.

மருத்துவமனைக் கணக்கு வேறு. மாநகரக் கணக்கு வேறு. முன்னது தன்னிடம் வந்தவரை மட்டுமே கூறும். பின்னது மாநகரில் வாழும் அனைவருள்ளும் நோய் கண்டவர் எத்துணைப் பேர் என்று கூற வேண்டும். இதற்காகப் பதிவேட்டுப் பணியாளர் நகரின் மருத்துவமனைகளுக்கும் சோதனைக் கூடங்களுக்கும் தாமே சென்று குறிப்பெடுக்கின்றனர். நோயாளரையும் உறவினரையும் சந்தித்து வினவுகின்றனர். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டு விடுபட்டோரைச் சேர்க்கின்றனர். ஒருவரே மூன்று மருத்துவமனைகளுக்குச் சென்றிருப்பின் அவர் மூவராக எண்ணப்படாமல் பார்த்துக் கொள்கின்றனர். பின்னர் மக்கள்தொகைக் கணக்கோடு பொருத்தி, இத்தனை இலட்சம் பேருக்கு இத்தனை பேர் என வயதுவாரியாக வகுக்கின்றனர்.

இவ்வேடு காட்டிய செய்திகளுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது. 1980களின் தொடக்கத்தில் சென்னைப் பெண்களிடையே முதலிடம் வகித்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். ஆண்டுகள் செல்லச் செல்ல அது குறைந்து வந்தது. மார்பகப் புற்றுநோய் அதனை முந்தியது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஒருவகை வைரஸ் என்பது இன்று தெளிவு. இளவயது மணமும் பல மகப்பேறுகளும் அந்நோயின் வாய்ப்பை மிகுவிக்கின்றன என்பதும் ஆய்வுகள் கண்ட உண்மை. மணவயது உயர்ந்ததும், பிள்ளைப்பேறு குறைந்ததும், தூய்மை வசதி பெருகியதும் இம்மாற்றத்திற்குத் துணை செய்தன என அறிஞர் கருதுவர். மகப்பேற்றில் மடியும் சிறுமியரை எண்ணியே அம்மையார் மணவயதுக்காகப் போராடினார். அப்போராட்டத்தின் பயன் அவர் எண்ணியிராத இன்னொரு நோயிலும் வெளிப்பட்டது எனலாம். அதனை நாம் அறிய வாய்த்ததும் யாரோ சிலர் பொறுமையோடு எழுதி வைத்த பதிவுகளால்தான்.

இறந்தோர் கணக்கும் இருப்போரைக் காக்கும். தமிழ்நாட்டில் இறந்த 43,000 ஆடவரையும், உயிரோடிருந்த 35,000 ஆடவரையும் ஒப்பிட்டு நிகழ்ந்த ஆய்வொன்று 2003இல் வெளியாயிற்று. சென்னை மாநகரின் இறப்புகளும் அதில் அடங்கும். இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆடவருள் ஏறத்தாழப் பாதிப்பேரின் மரணத்திற்குப் புகைபிடித்தல் காரணம் என அவ்வாய்வு மதிப்பிட்டது. பீடியும் சிகரெட்டும் புற்றுநோயை மட்டுமே தரும் என்று எண்ணியிருந்தோர்க்கு அது புதுச்செய்தி.

நம் கடமை

வாழிடத்திற்கும் நோய்க்கும் உள்ள உறவை ஆராய்வது நம் மரபுக்குப் புதிதன்று. பாக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தேர்ந்த அறிஞர் அர்-ராஸி, நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எவ்விடத்தில் அது மெதுவாகக் கெட்டதோ அவ்விடத்தையே தேர்ந்தார் என்று கூறுவர். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் புகுதலும் கூடாது, அவ்வூரிலிருந்து வெளியேறுதலும் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதும் நாம் அறிந்ததே.

எனினும், இன்றும் நம் தெருக்களில் புற்றுநோய் என்னும் சொல்லை உரக்கச் சொல்ல அஞ்சும் இல்லங்கள் பல. மகளின் திருமணம் தடைப்படும் என்று தாயின் நோய் மறைக்கப்படுகிறது. நாணத்தால் சோதனைக்குச் செல்லாத பெண்கள் உளர். தொடக்கத்தில் கண்டால் தீர்க்கத்தக்க நோய், முற்றிய பின்னரே மருத்துவரிடம் வருகிறது. 1923இல் அம்மையாரின் இல்லத்தில் நிகழ்ந்தது அறியாமையால். இன்று நிகழ்வது மறைத்தலால். வேறுபாடு அவ்வளவே.

பதிவு செய்வோர்க்கும் கடமையுண்டு. நோயாளி தரும் செய்தி ஓர் அமானிதம். அவர் பெயரும் முகவரியும் வெளியே கசியலாகாது. எண் மட்டுமே ஆய்வுக்குச் செல்லுதல் வேண்டும். அந்நம்பிக்கை குலையுமாயின் மக்கள் வாய்திறவார்; ஏடும் பொய்யாகும்.

ஏழைத் தாய்மார்க்கு உதவும் தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அம்மையாரின் பெயரையே தாங்கியுள்ளது. அவ்வுதவியைப் பெறக் கருவுற்ற தாய் தன்னைப் பதிவு செய்து கொள்ளுதல் வேண்டும். 2012இல் தமிழ்நாடு முழுமைக்குமான புற்றுநோய்ப் பதிவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. ஆகவே, பதிவேட்டுப் பணியாளர் நம் இல்லத்தாரைச் சந்தித்து வினவும்போது, மாணவச் செல்வங்கள் பெரியவர்களுக்கு அதன் பயனை எடுத்துரைத்து, உள்ளதை உள்ளவாறு கூறச் செய்வார்களாக. நாம் கூறும் அந்தச் சில விடைகள் முன்பின் அறியாத ஒரு தங்கையின் உயிரைக் காக்க உதவக்கூடும்.