சொல்லச் சொல்ல எழுதிய ஓலை

நம்ம திருச்சிப் பக்கத்தில் 1815-ல் பிறந்தவர் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அப்பா சிதம்பரம் பிள்ளைதான் முதல் வாத்தியார். சின்ன வயசிலேயே நிறையப் பாட்டு மனப்பாடம் செய்தார். அதனால் பெரியவரானதும் உட்கார்ந்தால் போதும், ஒப்பிக்கிற மாதிரி தடங்கல் இல்லாமல் புதுப்பாட்டு வரும். அவர் சொல்லச் சொல்ல மாணவர் எழுத்தாணியால் ஓலையில் எழுதுவார். ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற திருவானைக்கா அம்மன் மேல் அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழ் பாடினார். தலபுராணம் மட்டும் 20-க்கு மேல! உ.வே.சாமிநாதையர் இவர் மாணவர்தான். கடன் தொல்லை இருந்தும் மாணவர்களுக்குச் சோறு போட்டுப் பாடம் சொன்னார். 1876-ல் மறைந்தார். காசு சேர்க்கல, பாட்டு சேர்த்தார்.

தோழர்களே, தோழிகளே! முதலில் நல்லாப் படிப்போம். அப்புறம் தினமும் அரைமணி நேரம் எழுந்திருக்காமல் எழுதிப் பார்ப்போமா?