இறங்கின டீம்களுக்கு ஒரு வாத்தியார்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் அண்ணன் கேட்டார். எனக்குக் கவிதை வராது. கொஞ்சம் கால்பந்து வரும். அதனால் ஒரு கால்பந்து மனிதரைப் பற்றி எழுதுகிறேன்.

போன வருஷம் எனக்கு ரெண்டு அடி விழுந்தது. முதல் அடி, எங்க ஊர் டீம். கிரிவலப் பாதையில் மலையைச் சுற்றிக்கொண்டு வந்தால் பின்பக்கம் வருமே அடி அண்ணாமலை, அதுதான் என் ஊர். மாவட்ட லீக்கில் எங்க பசங்க முதல் டிவிஷனில் கடைசியாக வந்து ரெண்டாவது டிவிஷனுக்கு இறங்கிட்டோம். ரெண்டாவது அடி, கணக்குப் பேப்பர். ரெண்டே மார்க்கில் அரியர். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டினவனே நான்தான். அப்பா கிணறு வெட்டுற வேலை. அரியர்னா என்னன்னு அவருக்குப் புரிய வைக்கவே எனக்கு ஒரு ராத்திரி ஆச்சு.

அந்தச் சமயத்தில், பள்ளிக்கூடத்தில் எனக்குப் பந்து பழக்கிய பி.டி. சாரை டீக்கடையில் பார்த்தேன். டீம் இறங்கினதைச் சொல்லி அழாத குறையாகப் புலம்பினேன். அவர் பில் ஷாங்க்லி என்று ஒரு பேரைச் சொல்லி, போய்ப் படிச்சுப் பாருடா என்றார். படித்தேன். படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஷாங்க்லி என்றால் லிவர்பூல், லிவர்பூல் என்றால் கோப்பை. அப்படித்தான் உலகம் அவரை நினைக்கிறது. ஆனால் அவர் வாழ்க்கையில் பாதி, கீழே இறங்கின கிளப்களோடு போனது. அந்தப் பாதிதான் நமக்குப் பாடம்.

அவர் பிறந்தது 1913 செப்டம்பர் 2. ஸ்காட்லாந்தில் கிளென்பக் என்ற நிலக்கரிச் சுரங்க கிராமம். வீட்டில் பத்துப் பிள்ளைகள். அண்ணன் தம்பி ஐந்து பேரும் பிற்காலத்தில் தொழில்முறைக் கால்பந்து ஆடினார்கள். அவருக்குப் பதினான்கு வயதில் படிப்பு நின்றது. சுரங்கத்தில் வேலைக்குப் போனார். ரெண்டு வருஷத்தில் அந்தச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. அவரும் காலையில் பூமிக்குள்ளே இறங்கி, சாயங்காலம் வெளியே வருகிறவர்.

சுரங்கத்திலிருந்து அவரை மேலே தூக்கிவிட்டது பந்து. 1932-ல் கார்லைல் யுனைடெட்டில் சேர்ந்தார். 1933-ல் பிரஸ்டன் கிளப்புக்குப் போனார். 1938-ல் அந்த டீம் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்தபோது அவரும் ஆடினார். ஆடிக்கொண்டிருந்த நல்ல வயதில் உலகப்போர் வந்து ஆறு வருஷத்தை விழுங்கிவிட்டது. 1949-ல் ஆட்டத்தை நிறுத்தி, ஆரம்பித்த கார்லைலுக்கே மேனேஜராகப் போனார்.

இனிமேல்தான் நம்ம கதை. இங்கிலாந்து லீக்கில் அப்போது முதல் டிவிஷன், ரெண்டாவது டிவிஷன், அதற்குக் கீழே வடக்கு, தெற்கு என்று பிரிந்த மூன்றாவது டிவிஷன். கடைசியாக வருகிறவர்களைக் கீழே இறக்கிவிடுவார்கள். கிரிம்ஸ்பி என்பது மீன்பிடித் துறைமுக ஊர். அந்த ஊர் கிளப் 1948-ல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. 1951-ல் ரெண்டாவதிலிருந்தும் இறங்கியது. மூன்று வருஷத்தில் ரெண்டு படி சறுக்கல். அந்த 1951-ல் தான் ஷாங்க்லி அங்கே மேனேஜராகப் போனார்.

அவர் புது நட்சத்திரங்களைத் தேடவில்லை. தேடக் காசும் இல்லை. இருக்கிற ஆட்களையே சேர்த்துப் பிடித்து, பந்தைச் சின்னச் சின்னதாக மாற்றி ஆடப் பழக்கினார். முதல் சீசன் முடிவில் கிரிம்ஸ்பி 66 புள்ளி. ரெண்டாவது இடம். லிங்கன் சிட்டி 69 புள்ளி. வடக்கிலிருந்து மேலே போவது ஒரே ஒரு டீம். மூன்று புள்ளியில் வாய்ப்புப் போனது. என்னுடைய ரெண்டு மார்க் மாதிரி!

அடுத்த சீசனும் ஏற முடியவில்லை. 1954 ஜனவரியில் இன்னும் சின்ன ஊரான வொர்க்கிங்டனுக்குப் போனார். கடைசி இடங்களில் வரும் கிளப்கள் ஓட்டு வாங்கித்தான் லீக்கில் தொடர முடியும் என்ற நிலை. அங்கே போன் எடுப்பது, தபால் பிரிப்பது, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் எடுத்துக் கொடுப்பது எல்லாம் மேனேஜரே. கீழே கிடந்த அந்த டீமை அடுத்த முழு சீசனில் எட்டாவது இடத்துக்குக் கொண்டு வந்தார்.

பிறகு ஹடர்ஸ்ஃபீல்ட். அதுவும் 1956-ல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கின கிளப்தான். அந்த வருஷமே மேனேஜரானார். பதினாறு வயதுப் பையன் டெனிஸ் லாவை முதல் டீமில் இறக்கினார். பின்னாளில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர் அந்த லா. ஆனால் டிவிஷன் மட்டும் ஏறவில்லை.

1959 டிசம்பரில் லிவர்பூல் கூப்பிட்டது. பெரிய ஊர்தான், ஆனால் 1954-ல் இறங்கி ஐந்து வருஷமாக ஏற வழி தெரியாமல் இருந்த கிளப். அவர் பொறுப்பேற்று நடந்த முதல் ஆட்டத்திலேயே, சொந்த மைதானத்தில், கார்டிஃப் சிட்டியிடம் 0-4 தோல்வி.

நம்மில் யாராவது என்ன செய்திருப்போம்? அவர் செய்ததைக் கேளுங்கள். ஸ்டேடியத்தில் கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை. முதலில் அதைச் சரி பண்ணச் சொன்னார். பயிற்சி மைதானமான மெல்வுட் புதர் மண்டிக் கிடந்தது; அதைத் திருத்தினார். ஏற்கனவே இருந்த பயிற்சியாளர்கள் பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் யாரையும் அனுப்பவில்லை. பூட்ஸ் வைக்கிற சின்ன அறையில் அவர்கள் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் டீமைச் செதுக்கினார்கள். ஆட்டக்காரர்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்.

பயிற்சியிலும் பெரிய வித்தை கிடையாது. பக்கத்துக்கு ஐந்து பேராகப் பிரிந்து ஆடுவது. மரப்பலகைகளைச் சுற்றி நிறுத்தி, நடுவில் ஒருத்தனை விட்டு, பந்தைப் பலகையில் அடி, திரும்பி வருவதை நிறுத்து, மறுபடியும் அடி என்பது. நம்ம ஒர்க்‌ஷாப்பில் முதல் செமஸ்டர் முழுக்க ஒரே இரும்புத் துண்டை ஃபைலிங் போட்டோமே, மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரியக்கூடாது என்று சார் திருப்பித் திருப்பி அனுப்பினாரே, அதே மாதிரிதான்.

பலன் உடனே வந்ததா? இல்லை. 1960-ல் மூன்றாவது இடம். 1961-லும் மூன்றாவது இடம். மேலே போவது ரெண்டே டீம்! கிரிம்ஸ்பியில் ஒரு படி, இங்கே ரெண்டு முறை ஒரு படி. வேறு ஆளாக இருந்தால் விதி என்று விட்டிருப்பார். ஷாங்க்லி நிர்வாகத்தோடு சண்டை போட்டுப் பணம் வாங்கி, 1961-ல் இயான் செயின்ட் ஜான், ரான் யீட்ஸ் என்ற ரெண்டு பேரைக் கொண்டு வந்தார். 1962-ல் லிவர்பூல் 62 புள்ளியோடு ரெண்டாவது டிவிஷனில் முதலிடம். அடுத்து வந்த டீமை விட எட்டுப் புள்ளி அதிகம்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1964, 1966, 1973-ல் லீக் பட்டம். 1965, 1974-ல் எஃப்.ஏ. கோப்பை. 1973-ல் யூஃபா கோப்பையும் கூட. 1966-ல் பட்டம் வாங்கின சீசனில் அவர் இறக்கியது மொத்தம் பதினான்கே ஆட்டக்காரர்களை.

1974-ல் திடீரென்று ஓய்வு அறிவித்தார். அது அவருக்கே ஒத்துவரவில்லை. பழக்க தோஷத்தில் மறுபடியும் மெல்வுட் பக்கம் வந்துகொண்டிருந்தார் என்று படித்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. 1981 செப்டம்பர் 29-ல் மாரடைப்பில் காலமானார். அவர் பிறந்த கிளென்பக் கிராமமும் இன்று இல்லை. அங்கே அவருக்கு நினைவுக்கல் நிற்கிறது.

என் யோசனைக்கு எட்டினது இதுதான். கிரிம்ஸ்பியும் ஹடர்ஸ்ஃபீல்டும் அவர் வாங்கின அரியர். அங்கே படித்த பாடத்தை வைத்துத்தான் லிவர்பூலில் பாஸ் ஆனார். இறங்கின இடத்தில் அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. தண்ணீர்க் குழாயையும் புல்லையும் பார்த்தார்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். எங்க ஊர் கிரவுண்டில் பாதியைச் சீமைக் கருவேலம் பிடித்திருந்தது. டீம் பசங்க எல்லோரும் சேர்ந்து வெட்டினோம். அப்பா தன் கடப்பாரையோடு வந்து வேரைத் தோண்டிக் கொடுத்தார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் காலை, காற்றில் வந்து குவிகிற தட்டையும் கப்பையும் பொறுக்கிவிட்டுத்தான் பந்தைத் தொடுவோம். இந்த வருஷம் லீக்கில் எங்களுக்கு மூணாவது இடம். மேலே போறது ரெண்டு டீம்தான்! பசங்க முகத்தைத் தொங்கப் போட்டபோது, 1960-லும் 1961-லும் மூணாவது வந்த ஒரு டீமோட கதையைச் சொன்னேன்.

கணக்கு அரியர் எழுதிட்டேன். இந்த மலர் அச்சுக்குப் போகும் வரை ரிசல்ட் வரவில்லை. வந்தால் சந்தோஷம். வராவிட்டால் அடுத்த ஏப்ரலில் மறுபடியும் எழுதுவேன். அப்பாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு கிணத்துல பாறை வந்தா வேலையை விட்டுட்டு வந்துடுவோமா என்று கேட்டுவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

அரியர் வைத்திருக்கும் நண்பர்களே, உங்களுக்கும் அதே கேள்விதான்.

- இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை,
அடி அண்ணாமலை