ஐன்ஸ்டீன் வேண்டாம் என்ற இரண்டாவது ஆபரேஷன்

என் அண்ணனுக்கு 2011-ல் பைபாஸ் ஆனது. இப்போது மகாதமனியில் வீக்கம், மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். ஒருமுறை திறந்த இடத்தில் தழும்பு ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் இரண்டாம் முறை கஷ்டம் அதிகம் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் யோசித்துக்கொண்டே இருக்கிறார். எனக்கு ஐன்ஸ்டீன் ஞாபகம் வந்தார்.

ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் 1879-ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்தார். சுவிட்சர்லாந்தில் காப்புரிமை அலுவலகத்துக்குப் போய்வந்துகொண்டே, 1905-ல் தன் 26-வது வயதில் சார்பியல் கட்டுரையை எழுதினார். 1921-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் 1933-ல் நாட்டை விட்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் குடியேறினார். புகைக்குழாய் மட்டும் அவரை விடவில்லை.

பல வருடமாக வயிற்று வலி இருந்தது. 1948 டிசம்பரில் புரூக்ளின் மருத்துவமனை ஒன்றில் டாக்டர் ருடால்ஃப் நிசன் வயிற்றைத் திறந்து பார்த்தார். அவரும் ஹிட்லரால் ஜெர்மனியை விட்டு வந்தவர்தான். வயிற்று மகாதமனி பெரிய சாத்துக்குடி அளவுக்கு உப்பியிருந்தது. வீங்கிய பகுதியை வெட்டிவிட்டு வேறு குழாய் பொருத்தும் வழி அப்போது இல்லை. 1951-ல்தான் பாரிஸில் அதை முதலில் செய்தார்கள். எனவே நிசன் வீக்கத்தின் மேல் செலோஃபேன் தாளைச் சுற்றினார். அதைச் சுற்றித் தழும்பு வளர்ந்து, மெலிந்த சுவரைத் தாங்கும் என்பது கணக்கு.

அந்தத் தாள் 6 வருடத்துக்கு மேல் தாங்கியது. வங்கியில் காலம் தள்ளிய என்னைக் கவர்ந்தது, 1950-ல் அவர் உயில் எழுதி வைத்ததுதான். வயலின் பேரனுக்கு. கையெழுத்துப் பிரதிகள் கடைசியில் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்கு. 1952-ல் இஸ்ரேலின் ஜனாதிபதி பதவி தேடி வந்தபோது மறுத்தார். 1955 ஏப்ரலில் அணு ஆயுதத்துக்கு எதிரான ரஸ்ஸலின் அறிக்கையில் கையெழுத்திட்டார்.

சில நாளில் வீக்கம் கசியத் தொடங்கியது. நியூயார்க்கிலிருந்து அறுவை நிபுணர் வந்து, ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார். அப்போது அது புதிய முறை, பிழைப்பது நிச்சயமில்லை. செயற்கையாக ஆயுளை நீட்ட வேண்டாம் என்று ஐன்ஸ்டீன் மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடியையும் கணக்குத் தாள்களையும் வரவழைத்து வேலை பார்த்தார். ஏப்ரல் 18 அதிகாலை, 76 வயதில் காலமானார்.

அவர் செய்தது சரியா தவறா என்று சொல்ல நான் யார்? ஆனால் 1955 வேறு, இன்று வேறு. இன்று ஸ்கேன் இருக்கிறது, செயற்கைக் குழாய் இருக்கிறது, சிலருக்குத் தொடை வழியாகவே சரிசெய்ய முடிகிறது. அதனால் ஐன்ஸ்டீனைக் காட்டி வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதே, முதலில் எல்லாக் கேள்வியையும் டாக்டரிடம் கேள் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு முடிவு அவருடையது.

நம் குடியிருப்பில் 65 தாண்டிய, புகைத்த பழக்கமுள்ள நண்பர்கள் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது வயிற்று ஸ்கேன் தேவையா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உயிலையும் நாமினேஷனையும் அப்படியே சரிபார்த்து வையுங்கள்.