கிட்டார் ராஜா எழுதாத உயில்... தம்பிக்குக் கிடைத்தது ஒரே ஒரு ரெக்கார்டு!

27 வயசுல யாராவது உயில் எழுதுவாங்களா? ஜிமி ஹென்ட்ரிக்ஸும் எழுதலை. அதனால கடைசியில வெறுங்கையோட நின்னது அவரோட சொந்தத் தம்பி.

1942-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பிறந்தவர் ஜிமி. அப்பா ஆலும் அம்மா லூசிலும் பிரிந்துவிட, ஜிமியும் தம்பி லியோனும் வறுமையில் வளர்ந்தார்கள். 1966-ல் லண்டன் போனார் ஜிமி. அடுத்த வருஷமே மான்டெரே மேடையில் கிட்டாரைக் கொளுத்தி எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். 1969-ல் உட்ஸ்டாக். எலெக்ட்ரிக் கிட்டார்னாலே ஜிமிதான்!

1970 செப்டம்பர் 18. லண்டனில் திடீர் மரணம். கல்யாணம் ஆகலை, உயிலும் இல்லை, அம்மாவும் உயிரோடு இல்லை. சட்டப்படி மொத்தமும் அப்பாவுக்குப் போனது.

இங்கேதான் ட்விஸ்ட். ஆல் 1966-லேயே மறுமணம் செய்திருந்தார். மனைவியின் மகள் ஜேனியைத் தத்தெடுத்தும் கொண்டார். 1995-ல் வழக்காடி மீட்ட பாடல் உரிமைகளை நிர்வகிக்கும் பொறுப்பு, பிறகு ஜேனியிடம் வந்தது. 2002-ல் ஆல் இறந்ததும் உயிலைப் பிரித்தால், லியோனுக்கு ஒரே ஒரு கோல்டு ரெக்கார்டு! சொத்து மதிப்போ சுமார் 8 கோடி டாலர் என்று பேசப்பட்டது.

லியோன் கோர்ட்டுக்குப் போனார். 2004-ல் வந்த தீர்ப்பு, உயில் செல்லும் என்றது.

கவனிங்க, ஆல் எழுதினது அவரோட விருப்பம். ஜிமியோட விருப்பம் என்னன்னு யாருக்குமே தெரியாது. ஜிமி ஒரு டிரஸ்ட் அமைத்திருந்தால், அப்பா இருக்கும்வரை வருமானம் அவருக்கு, அதன்பிறகு தம்பிக்கு என்று எழுதி வைத்திருக்கலாம். சொத்து டிரஸ்ட் பெயரில் இருப்பதால், அப்பா எத்தனை உயில் எழுதினாலும் அது மாறாது. மறுமணம் நடந்த குடும்பங்களில் டிரஸ்ட் கைகொடுப்பது இதனால்தான்.

ஆனா டிரஸ்ட் மட்டும் போதாது. ஆலின் உயிலிலும் உறவினர்களுக்கு டிரஸ்ட் இருந்தது. பணம் வரலைன்னு அவர்களும் வழக்குப் போட, அதன் நிர்வாகியை மாற்றச் சொன்னது அதே கோர்ட். அதனால பங்கு கேட்கிற ஒருத்தர் கையிலேயே சாவியைக் கொடுக்காம, பொதுவான ஒருத்தரை நிர்வாகியா போடுங்க.

நம்ம நாட்டுல உயில் எழுத 18 வயசு ஆனா போதும். உங்க தம்பி, தங்கச்சிக்கு என்ன சேரணும்னு நீங்களே எழுதி வைக்கலாமே!