அடைக்கலம் பெற்றவர் அடைக்கலமானார்

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கும் பகுதியை மாணவர்க்குப் பயிற்றுந்தோறும், நம் மலைநாட்டில் வாழ்ந்து மறைந்த துறவியொருவர் என் நினைவில் எழுவார். அவர் யோசேவாஸ் அடிகள்.

அடிகள் 1651 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் நாள் கோவாவிலுள்ள பெனாவுலிம் என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய இளமையிலே, 1658 இல், யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். அவர்க்கு இடங்கொடுப்போர்க்கு மரண தண்டனை என்றும் விதித்தனர். குருமாரின்றி வாடிய அம்மக்களை நாடி, 1687 இல், கூலியாள் கோலம் பூண்டு அடிகள் கடல் கடந்து வந்தார். கழுத்திற் செபமாலை அணிந்து வீடுதோறும் இரந்து நின்றார். அம்மாலையைக் கண்டு முகமலர்ந்தோரைத் தம்மவர் என அறிந்துகொண்டார். பிடிபட்டால் உயிர்க்கே கேடு என்பதை உணர்ந்தும் சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர்.

இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவிற் கன்னியர் மடங்கள் பல யூதரை ஒளித்துக் காத்தமையை நாம் அறிவோம். புடாபெஸ்ட் நகரிற் சாரா சல்காஹாசி என்னும் கன்னியர் அவ்வறத்தின்பொருட்டே 1944 டிசம்பர் 27 இற் சுட்டுக்கொல்லப்பட்டார். சில்லாலையாரின் துணிவும் அத்தகையதேயாம்.

1692 இல் அடிகள் கண்டி நகர் புகுந்தார். தேயிலை காணாத, காடடர்ந்த மலைநாடு அது. போர்த்துக்கேயரின் ஒற்றர் என்னும் ஐயத்தால் அவர் சிறையிடப்பட்டார். சிறையிருந்தபடியே சிங்களம் பயின்றார். நாளடைவில் அவர்தம் தூய்மையை உணர்ந்த பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன், ஐயம் நீங்கி அவர்க்குப் புகலளித்தான்.

அப்புகலுக்குக் கைம்மாறு செய்யும் காலமும் வந்தது. 1697 இல் கண்டியில் வைசூரி பரவிற்று. மன்னனும் பரிவாரமும் நகர் நீங்கினர். நோயுற்றோரை உற்றாரே காட்டில் விட்டு அகன்றனர். அடிகளோ அகலவில்லை. உறவினராகிய யோசேப்பு கர்வாலியோ அடிகளைத் துணைக்கொண்டு, கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்றார், குடில் அமைத்தார், கஞ்சி ஊட்டினார், புண் கழுவினார், இறந்தோர்க்குக் குழி தோண்டி அடக்கஞ் செய்தார். நோயாளர் எச்சமயத்தார் என்று அவர் வினவவில்லை. கைவிடப்பட்டோர் என்பதொன்றே அவர்க்குப் போதுமானதாயிற்று.

1705 இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் அவரது பணியைத் தொடர்ந்ததோடு, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் யாத்து இருமொழிக்கும் அணி சேர்த்தார். யோசேவாஸ் அடிகள் 1711 சனவரி 16 இற் கண்டியிலே உயிர்நீத்தார். ஈழம் புகுந்த நாள்முதல் பிறந்த மண்ணுக்கு அவர் மீளவேயில்லை. 2015 சனவரி 14 இற் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார்.

சில்லாலைக் குடியானவர் உயிரைப் பணயம் வைத்து அவரைக் காத்தனர். வேற்றுச் சமயத்து வேந்தன் அவர்க்கு இடந்தந்தான். பெற்ற அடைக்கலத்தை அவர் தம்மோடு வைத்துக்கொள்ளாது, காட்டிற் கிடந்த பிணியாளர்க்குக் கொடுத்துச் சென்றார். அடைக்கலம் என்னுஞ் சொல்லுக்கு வகுப்பறையிற் பொருள் கூறுதல் எளிது. கதவைத் தட்டுபவன் இன்னான் என்று அறியாமுன்னரே தாழ் திறத்தலன்றோ அதன் மெய்ப்பொருள்!