அகதிகளின் துயரத்தை எழுதிய ரித்விக் கட்டக்

அலிப்பூரை அடுத்த டாலிகஞ்ச், வங்காளப் பட ஸ்டூடியோக்களுக்குப் பேர்போன இடம். அந்தத் திரையுலகில், தேசப் பிரிவினையால் வீடிழந்த மக்களின் துயரத்தை விடாப்பிடியாக எழுதியவர் ரித்விக் கட்டக். திரைக்கதை, டைரக்‌ஷன் இரண்டிலும் வல்லவர்.

அவர் 1925 நவம்பர் 4-ல் டாக்காவில் பிறந்தார். 1947-ல் வங்காளம் இரண்டுபட்டபோது பிறந்த ஊர் அயல்நாடாயிற்று. சியால்தா ஸ்டேஷன் பிளாட்பாரங்களில் அகதிகள் குடும்பம் குடும்பமாய்க் கிடந்தனர். ஜாதவ்பூர்ப் பக்கம் அகதிக் காலனிகள் எழுந்தன. அந்த மக்களே அவர் எழுத்துக்குப் பொருளாயினர்.

இந்திய மக்கள் நாடக மன்றத்தில் நாடகம் எழுதியும் நடித்தும் வந்த கட்டக், ஏராளமான மக்களை எட்டலாம் என்றே சினிமாவுக்கு வந்தார். வேலை தேடி அலையும் இளைஞனைப் பற்றிய 'நாகரிக்' 1952-ல் முடிந்தது. ஆனால் அது திரைக்கு வரவில்லை.

பிழைப்புக்காகப் பம்பாய் சென்றார். பிமல் ராயின் 'மதுமதி' (1958) படத்துக்குக் கதை எழுதினார். படம் அமோக வெற்றி பெற்றது. அதே வழியில் போயிருந்தால் பணத்துக்குக் குறைவிருந்திராது. அவரோ கல்கத்தாவையே தேர்ந்தெடுத்தார்.

சக்திபத ராஜ்குருவின் கதையைக் கொண்டு அவர் உருவாக்கிய 'மேகே டாகா தாரா' 1960-ல் வெளிவந்தது. அகதிக் குடும்பத்தைத் தன் சம்பாத்தியத்தால் தாங்கும் நீதா, காதலனைத் தங்கையிடம் இழந்து, காசநோய்க்கு இரையாகிறாள். கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) பார்த்த தமிழர்களுக்கு இவள் அந்நியமாகத் தோன்ற மாட்டாள்.

அடுத்து வந்த 'கோமல் காந்தார்' (1961) படத்தில், ஒரு காலத்தில் கிழக்கு வங்காளம் சென்ற ரயில் பாதை எல்லையோடு முடிந்துவிடுகிறது. பிரிவினையை விளக்க வேறு வசனம் தேவைப்படவில்லை. ஆனால் படம் ஓடவில்லை. 1962-ல் முடிந்த 'சுவர்ணரேகா'வோ 1965 வரை காத்துக் கிடந்தது. தோல்விகளும் குடிப்பழக்கமும் அவர் உடல்நலத்தைக் குலைத்தன.

இடையில் பூனா திரைப்படக் கல்லூரியில் துணை முதல்வராக இருந்தார். அங்கே அவரிடம் பயின்ற ஜான் ஆபிரகாம்தான் பின்னர் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்தவர். 1970-ல் கட்டக்குக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

1976 பிப்ரவரி 6-ல், ஐம்பதாவது வயதில், கல்கத்தாவில் அவர் காலமானார். கால் நூற்றாண்டு பெட்டிக்குள் கிடந்த 'நாகரிக்' மறு ஆண்டு திரைக்கு வந்தது. இன்று உலகத் திரைப்பட விழாக்களில் அவர் படங்களுக்குத் தனி மரியாதை. உயிரோடிருந்தபோது அதில் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை.